நாய்ப்பண்ணைக்காரரை நம்பலாமா?

"தாயைப் பார்க்காம நாங்க எந்த முடிவுக்கும் வர மாட்டோம் தம்பி. அதை முதல்லயே சொல்லிடுறேன்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தரப் பரிசோதகர் ஆரம்பித்துவிட்டார். 'கொஞ்சம் மூச்சு விடுங்களேன்' என்பது போல் மனைவி அவரைப் பார்த்தாள்.

ஆலையில் ஒவ்வொரு திருகாணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகிய மனிதர். தக்காளி வாங்கப் போனால்கூட அமுக்கி அமுக்கிப் பார்த்து, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். நாய்க்குட்டி விற்பவர்களில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம் என்று எங்கேயோ படித்துத் தொலைத்ததிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

மகளோ ஒற்றைக்காலில் நின்றாள். இந்த இடம்தான் வேண்டும், வேறு எங்கேயும் பார்க்க வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். அவளிடம் மூச்சுக்கூட விடாமல்தான் இருவரும் இன்று கிளம்பி வந்திருந்தார்கள். வருஷக்கணக்கில் கூடவே இருக்கப்போகிற உறவு. தப்பான ஆளை நம்பிவிட்டால் நாளைக்கு அழப்போகிறவள் அவள்தானே?

பண்ணைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

"நியாயம்தான் சார். தாயைக் காட்டாத இடத்துல குட்டியே வாங்கக் கூடாது."

ஒரு விசில். பின்கட்டிலிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு பழுப்பு நாய் நிதானமாக நடந்து வந்தது. அதன் காலுக்கடியில் நான்கு குட்டிகள் உருண்டு புரண்டு வந்தன. தரப் பரிசோதகர் சட்டென்று மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

"பயமா சார்?"

"சேச்சே! தள்ளி நின்னு பார்த்தாத்தான் முழுசாத் தெரியும்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தாய் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவர் அங்கிருந்தபடியே விசாரணையைத் தொடர்ந்தார்.

"இந்தத் தொழில்ல நிலையா இருப்பீங்களா? இல்ல, நாளைக்கே மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடுவீங்களா?"

"எங்க சார் போறது? இதுங்களை விட்டுட்டு ஒரு நாள் வெளியூர் போனாலே எனக்குச் சோறு இறங்காது."

"கோபம் வருமா?"

"நாய்க்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அதுக்கு வராது. எனக்கு வரும், பசிச்சா."

"குடி, சிகரெட்?"

பண்ணைக்காரர் திருதிருவென விழித்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"புகை குட்டிங்களுக்கு ஆகாதாமே, அதான் கேட்கிறார்."

"ரெண்டுமே கிடையாதும்மா."

"நல்லது. குட்டிங்களுக்குச் சாப்பாடு எங்க செய்றீங்க? நான் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றபடி அவள் பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து பண்ணைக்காரரின் செல்போன் அடித்தது. அவர் நாலு அடி தள்ளிப் போய்த்தான் பேசினார். ஆனாலும் தரப் பரிசோதகரின் காது அங்கேயேதான் இருந்தது.

"இல்லைங்க, இன்னும் பால் குடி மறக்கலை. இப்பப் பிரிச்சா தாயும் குட்டியும் ஏங்கிப் போயிடும்... நீங்க எவ்வளவு கொடுத்தாலும் முடியாதுங்க... வேற இடத்துல வாங்கிக்கிறீங்களா? சரி, குட்டியை நல்லாப் பார்த்துக்கோங்க."

"நல்ல கிராக்கியை விட்டுட்டீங்களே தம்பி?"

"போகட்டும் சார். அவசரப்படுறவங்க கையில குட்டியைக் கொடுத்துட்டு அப்புறம் யார் கவலைப்படுறது?"

பாராட்டத் தோன்றியது. ஆனால் அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டால் அவர் தரப் பரிசோதகரே இல்லை. கூட்டத்திலேயே அழகாக இருந்த வெள்ளைக் குட்டியைக் கைகாட்டினார்.

"அது எப்படி?"

"அதுக்கு ஒரு காது கேட்காது சார்."

"பார்த்தாத் தெரியலையே! சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே சார்."

தரப் பரிசோதகர் முதல் முறையாகத் தாய் நாயின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

மனைவி முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வந்தாள். அவர் காதோரம் குனிந்தாள்.

"உள்ளே அவங்க அம்மாகிட்டப் பேசிட்டு வரேன். தங்கமான மனுஷி. அடுப்படி பளிச்சுன்னு இருக்கு. பாத்திரமெல்லாம் இவரேதான் தேய்ப்பாராம். நீங்க ஒரு தம்ளராவது கழுவியிருக்கீங்களா?"

"அதை ஏன் இப்ப இழுக்கிறே?" என்று முணுமுணுத்தாலும் அவருக்கு மனது நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. மனைவியைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். நம்பலாம்.

"எங்களுக்குத் திருப்தி தம்பி. வீட்டுல ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்றோம்."

இருவரும் வெளிக்கதவு வரை போய்விட்டார்கள். பின்னாலேயே வந்த பண்ணைக்காரர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

"சார், ஒரு நிமிஷம். இத்தனை கேள்வி கேட்டீங்க. குட்டி என்ன விலைன்னு மட்டும் கேட்கவே இல்லையே?"

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, ஆமாம்... மறந்தே போச்சு. என்ன விலை?"

பண்ணைக்காரர் காது வரை சிவந்து, தலையைச் சொறிந்தபடி சிரித்தார்.

"குட்டி கிடக்கட்டும் மாமா. உங்க வீட்டுப் போட்டோவை நான் எப்பவோ பார்த்துட்டேன். உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா, அதைச் சொல்லுங்க!"