அண்ணனின் ஷூ

அண்ணன் இடது காலை ஷூவுக்குள் விட்டார். விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்தார்.

ஷூ கவிழ்ந்தது. பென்சில் தடிமனில், மணல் நிறத்தில் ஒரு பாம்பு அதிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. வெளிச்சம் பிடிக்காமல் சுருண்டு, தலையை உடம்புக்குள்ளேயே புதைத்துக்கொண்டது.

மறுநொடி அண்ணன் கட்டில்மேல் நின்றார்.

அது தங்கையின் கட்டில். அவர் வந்ததிலிருந்து அவளும் கணவனும் அடுக்களைத் தரையில்தான் படுக்கிறார்கள். அவளுக்கு இது ஏழாவது மாதம்.

ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர். பாலைவனக் காற்று மூட்டுவலிக்கு நல்லது என்று எவனோ சொல்லிவைக்க, கோடை முழுக்க ஓடிவிட்டது. டீயில் சர்க்கரை கூட, ஃபேனில் சத்தம் கூட, மாப்பிள்ளைக்குச் சம்பளம்தான் குறைச்சல். வாய் ஓயவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது, இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு நிரந்தரமாக இருந்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

கூடப்பிறந்தவரைக் கிளம்பு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

கணவன், சாலையில் மணல் தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் வை என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் என் பிறந்த வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறானோ என்று அவள்தான் குன்றிப்போயிருந்தாள்.

இந்தப் பாம்புக்கு விஷம் கிடையாது. ராத்திரியில் பல்லி தேடி அலையும், விடிந்தால் இருட்டான இடம் பார்த்துச் சுருண்டுவிடும். குடியிருப்புக் குழந்தைகள்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுவார்கள்.

அண்ணனிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் பேச விட்டால்தானே.

"கடிச்சா ஆள் போயிடுமா?" என்றார், கட்டில்மேலிருந்து.

கணவன் குனிந்து பாம்பை முறத்தில் பதமாக ஏந்திக்கொண்டான். "இது குட்டிதான் மச்சான். தாய் இங்கதான் எங்கயாவது இருக்கும்."

மத்தியான பஸ்ஸுக்கே பெட்டி தயாராகிவிட்டது. அண்ணன் செருப்போடு கிளம்பினார். ஷூவை மாப்பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

பஸ் போய்ப் புழுதி அடங்குமுன் அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது ஷூவைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் அவள் பிடித்துப் போட்ட பாம்பு சமத்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இடது ஷூவை அவள் அப்போது தொடவே இல்லை.

நிமிர்ந்தாள். வாசலில் கணவன் முறத்தோடு நின்றான். காதுமடல் சிவந்திருந்தது.

"நானும் முதல்ல வலது ஷூவுலதான் விடப் பார்த்தேன்" என்றான். "உள்ள ஏற்கெனவே ஆள் இருந்துச்சு."