ஜன்னலோர மேஜை

கடற்கரைச் சாலை உணவகத்தில் ஜன்னலோரம் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுங்களேன்.”

“காலையில வறுத்த மீனு. இதைப் பார்த்தா சிரிப்பா வரும்?”

பக்கத்து மேஜை அம்மாள் காலிக் கோப்பையை ரசித்து உறிஞ்சினார். பின்மேஜை இளைஞன் வெறும் தட்டைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான்.

வாசலில் ஒரு சுற்றுலா வேன் நின்றது. “சீசன் முடிஞ்சும் இங்க மட்டும் கூட்டமா இருக்கே! சாப்பாடு பிரமாதமா இருக்கும்போல” என்றபடி எட்டுப் பேர் உள்ளே நுழைந்தார்கள்.

கணவன் துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடி அடுப்பைப் பற்றவைத்தான். மனைவி மெனு அட்டைகளை எடுத்தாள். கோப்பையை வைத்துவிட்டு மாமியார் கல்லாவில் போய் அமர்ந்தார்.

இளைஞனும் எழுந்தான்.

“நீங்க எங்க கிளம்பிட்டீங்க தம்பி? ஜன்னலோரமா வந்து உட்காருங்க” என்று கிசுகிசுத்தாள் அண்ணி. “அடுத்த வண்டி வருது!”