கரை தொடாத படகு

வெண்டலின் மார்பைச் சுற்றி இறுக்கமான பட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது. விரல் நுனிகளில் உலோகத் தகடுகள். மேற்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் உறை. "மூச்சை இழுத்துப் புடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க," என்றார் எதிரே அமர்ந்திருந்த ஹாஸ்கின்ஸ்.

"ஒரு மீன் புடிச்சதுக்கு இத்தனை வயரா? பாத்துய்யா, என் தம்பியைப் பொரிச்சிறாதீங்க," என்றாள் மூலையில் இருந்த ட்ரூடி. கணவனை அடக்கம் செய்த நாளில் உடுத்திய கறுப்பு உடையையே அவள் இன்றும் உடுத்தியிருந்தாள்.

ஹாஸ்கின்ஸ் மருத்துவர் அல்லர். பொய் கண்டறியும் கருவியை இயக்குபவர். ஏரியில் ஆண்டுதோறும் நிகழும், கொக்கனி என்னும் மீனைப் பிடிக்கும் போட்டியில் முதலிடம் பெற்றவர், அக்கருவியின் முன் அமர்ந்து தேறினால் மட்டுமே பரிசைப் பெற இயலும். இவ்வாண்டின் பரிசாகிய புதிய அலுமினியப் படகு, சிவப்பு நாடா சுற்றப்பட்டு, சோதனை நடந்த தீயணைப்பு நிலையக் கூடத்தின் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தது.

வெண்டலும் ட்ரூடியின் கணவர் ஆர்லோவும் ஒரே படகில் போட்டியிட்டவர்கள். பெரிய மீன் படகேறிய கணத்திலேயே ஆர்லோ மாரடைப்பால் சாய்ந்தார் என்பதும், வெண்டல் படகை விரட்டி வந்தும் பயனின்றிப் போயிற்று என்பதும் ஊரார் கேட்டுக் கண்கலங்கிய செய்தி. எடைபோடும் துறையில் முதலில் அவர் இறக்கப்பட்டார். பிறகு மீன் இறக்கப்பட்டது.

"இதுக்கு முன்னாடி, புடிச்ச மீனோட அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கீங்களா?" என்று தொடங்கினார் ஹாஸ்கின்ஸ்.

"இல்ல."

கருவியின் ஊசி தாளின்மேல் துள்ளியது. "நல்லது, மெஷின் வேலை செய்யுது," என்றார் அவர். ட்ரூடி துக்கத்தையும் மறந்து சிரித்துவிட்டாள்.

"இந்த மீன் இதே ஏரியில புடிச்சதுதானா?"

"ஆமா. படகை நடை வேகத்துல விட்டு, தூண்டிலை ஆழத்துல இழுத்துக்கிட்டே போனேன். வளைச்சுத் திருப்புறப்ப கடிச்சுது."

"தூண்டிலை நீங்கதான் புடிச்சிருந்தீங்களா?"

"நான்தான்." ஊசி அசையாமல் கிடந்தது.

"வலையில ஏந்துனது எங்க வீட்டுக்காரர்," என்று ட்ரூடி இடைமறித்தாள். "அந்த மீனுக்கு வாய் பூ மாதிரிய்யா, வலை இல்லாம தூக்குனா கிழிஞ்சு போயிரும். பாவம், தம்பிக்காகவே நாள் முழுக்கப் படகை ஓட்டியிருப்பார் போல. அவரோட தூண்டில் முள்ளுல இரையாக் கோத்த சோளம் தண்ணியே படாம காஞ்சு கெடந்துச்சு."

"அக்கா, நீ பேசாம இரு. ஊசி ஆடிறப் போகுது," என்றான் வெண்டல்.

ஹாஸ்கின்ஸ் தாளைப் புரட்டினார். "எடைத்துறைக்கு வர்றதுக்கு முன்னாடி, படகு எங்கயாவது கரைக்குப் போச்சா?"

கரையோரக் கூண்டில் ஊட்டி வளர்த்த மீனைக் கொணர்ந்து முன்பொருவன் பரிசு வாங்கிவிட்டதனால் பிறந்த விதி அது. காரணம் எதுவாயினும், இடையில் கரை தொட்ட படகு அக்கணமே போட்டியினின்று நீக்கப்படும்.

"இல்ல."

ஊசி தாளின் விளிம்புவரை எழுந்து வீழ்ந்தது. ஹாஸ்கின்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அணிந்துகொண்டு, அதே வினாவை மீண்டும் கேட்டார். வெண்டல் அதே விடையைக் கூறினான். ஊசி முன்னிலும் உயரமாக எழுந்தது.

"இதை நான் பொய்யின்னுதான் எழுதணும். பரிசு ரெண்டாவதா வந்தவருக்குப் போயிரும்."

"என்னய்யா பேசுற நீ?" ட்ரூடி எழுந்துவிட்டாள். "அந்தப் பரிசுப் படகுல பாதி என் புருஷனுக்குச் சேர வேண்டியது. அதையும் இவனே வச்சுக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டேன். பொய் சொல்றவனுக்கா நான் விட்டுக்குடுப்பேன்? கரைன்னு சொன்னதும் செத்துப்போன மனுஷன் நெனப்பு வருது இவனுக்கு. அவ்வளவுதான்!"

"இருக்கலாம்மா. ஆனா ஊசிக்கு அது தெரியாதே." ஹாஸ்கின்ஸ் வெண்டலை நோக்கினார். "ஒரே ஒரு வழி இருக்கு. கரைன்னு கேட்டதும் உங்க மனசுல என்ன ஓடுதோ, அதை வாய்விட்டுச் சொல்லிருங்க. மறைக்கிறது இல்லாமப் போனா ஊசி அடங்கிரும். மறுபடியும் கேக்குறேன்."

வெண்டல் சன்னல் பக்கம் திரும்பினான். சன்னலுக்கு வெளியே, இரண்டாவதாக வந்த மனிதர் படகைச் சுற்றிவந்து, அதன் பக்கத்தை விரல்களால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அதற்குள் இருக்கையில் ஏறி அமர்ந்து, சிவப்பு நாடாவின் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தாள்.

ட்ரூடி அருகே வந்து, கம்பிகள் பிணைக்கப்படாத அவனுடைய கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொதிந்துகொண்டாள். "சொல்லிரு தம்பி. நீ ஒரு தப்பும் பண்ணலையே, எதுக்குப் பயப்படுற? அக்கா பக்கத்துலதான இருக்கேன்."

அவன் பார்வை படகிலேயே நிலைகுத்தி நின்றது. வெளியே முடிச்சு அவிழ்ந்து, நாடாவின் ஒரு முனை காற்றில் பறந்தது.

அக்காளின் கையை உதறிவிட்டு, அவன் ஹாஸ்கின்ஸை நோக்கிக் கத்தினான்.

"கரைக்குப் போகவே இல்லய்யா! அத்தான் காலையில இருந்து நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு, அப்பக்கூடப் போகல!"