மாமனார் மின்சாரம்

"மாமா, நிறுத்திடாதீங்க. மெஷின்ல துணி இன்னும் பிழியல."

மருமகள் குளியலறைப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். கூடத்து மூலையில், பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்திய சைக்கிளில் பெரியவர் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து பெல்ட் டைனமோவுக்குப் போனது, டைனமோவிலிருந்து ஒயர் சுவிட்ச் போர்டுக்குள் போனது. ஹேண்டிலைப் பிடித்த விரலில், மோதிரம் கிடந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு வரை அந்த வீட்டில் அவர் தண்டச்சோறு. முதியோர் இல்லத்து விண்ணப்பத்தை மகன் பூர்த்தி செய்து, கையெழுத்துக்காக அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். அந்த வாரமே பெரியவர் சைக்கிளை டைனமோவோடு பூட்டிவிட்டார். முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை என்பதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

கரண்ட் பில் பாதியானதும் விண்ணப்பம் பீரோவுக்குள் போய்விட்டது. வரிசையில் நின்று பில் கட்டுவதும் பெரியவர்தான். காலாற நடந்த மாதிரி இருக்கும் என்று மகன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தான்.

அன்று ரீடிங் எடுக்க வந்தவர் புது ஆள். மீட்டரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், இது என்ன கூத்து என்று விசாரித்தார். பாதி வீடு மாமாவின் காலில்தான் ஓடுகிறது என்று மருமகள் பீற்றிக்கொண்டு, துணி எடுக்க உள்ளே போனாள்.

வந்தவருக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் காதருகே குனிந்தார். வாட்டசாட்டமான ஆளே ஒரு மணி நேரம் மூச்சு முட்ட மிதித்தாலும் ஒரு சின்ன பல்பு ஒரு ராத்திரி எரியும், அவ்வளவுதான் என்றார். மெஷின் ஓடுவது தெருக்கம்பத்துக் கரண்டில்தான் என்றும் சொன்னார்.

"ஒரு யூனிட்கூடக் குறையல ஐயா. உங்களை வச்சு யாரோ நல்லா விளையாடறாங்க. இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? மகனைக் கூப்பிடுங்க, நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

பெரியவரின் கால்கள் நிற்கவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசு தம்பி. மீதிப் பாதியை நான்தான் கட்டறேன்."