ஒரு சொட்டு

நாச்சிமுத்துவின் இரண்டு கன்னங்களிலும் பூசாரி திருநீற்றை அழுத்தித் தேய்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி மயிலாத்தாள் அந்தக் கன்னங்களையே பார்த்தாள். போன ஐப்பசியில் நாச்சிமுத்துவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் இரவில் மாத்திரை போடுகிறார். டாக்டர் அவருடைய வயதையும் பிரஷரையும் வைத்து ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "சின்னக் காயம் பட்டாக்கூட ரத்தம் லேசுல நிக்காதும்மா, ஜாக்கிரதை" என்று சொல்லியிருந்தார்.

ஊருக்கு வேறு கணக்கு. விரதம் சுத்தமாக இருந்தால் அலகு குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் வராது. வந்துவிட்டால் வீட்டில் தீட்டு என்பார்கள். எல்லாக் கண்ணும் மனைவி மேல்தான் திரும்பும்.

"ஏனுங்க, மாத்திர சங்கதியப் பூசாரிகிட்டச் சொல்லிப்போடலாமுங்க" என்றாள் அவர் காதோரம்.

"இருவது வருசமாக் குத்திக்கறேன். ஒருக்காலாச்சும் ரத்தம் வந்துருக்குதா? பேசாம நில்லு புள்ள."

வேல் வலக்கன்னத்தில் நுழைந்து இடக்கன்னத்தில் வெளியே வந்தது. திருநீறு வெள்ளையாகவே இருந்தது. "அரோகரா!" என்று கூட்டம் முழங்கியது. நாத்தனார் கண்கலங்கி மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மயிலாத்தாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நிமிர்ந்து அவர் தொண்டையைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத மனிதர் எதையோ விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார். மேளம் முன்னே கிளம்ப, மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியவர் விழுங்கிக்கொண்டே நடந்தார்.