கட்டளை இல்லாத அச்சகம்

எந்தப் பத்திரிகைக்கும் ஒரு தலைவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சிறைக்குப் போக வேண்டியவர் அவர்தான். யார் சொல்லுக்கு மற்றவர் பணிகிறாரோ அவரே தலைவர் என்று அச்சகச் சுவரில் அரசு மாட்டிய பெட்டி ஒட்டுக்கேட்டு முடிவு செய்யும். அராஜகவாதிகளான மெர்சியும் இருளப்பனும் ஒருவருக்கொருவர் கட்டளையிடாததால் அதனிடம் சிக்கியதே இல்லை.

“வெட்டலாமா தோழர்?”

“வெட்டலாம்னுதான் தோணுது.”

அன்று இருளப்பன் கடைசித் தாள்கட்டை நேராக்கும்போது, வெட்டும் இயந்திரத்தின் கத்தி தானாக இறங்கியது.

“கைய எடு!” என்று அலறினாள் மெர்சி.

எடுத்துவிட்டார். விரல்கள் தப்பின.

“தலைவர் மெர்சி. போலீஸ் வருகிறது” என்றது பெட்டி. கதவு பூட்டிக்கொண்டது.

இருளப்பன் பதறிப்போய்க் கத்தினார். “உட்காரு மெர்சி! உட்காருன்னு சொல்றேன்ல!”

அவள் உட்கார்ந்தால் இருளப்பன் தலைவராகிவிடுவார். மெர்சி நின்றுகொண்டே இருந்தாள்.