கை சொல்லிடும்

“அண்ணே, ஹெட்லைட் போட்டா தீஞ்ச வாடை வருது. பழைய வண்டி. பிள்ளைங்களோட ராத்திரி பூரா ஓட்டணும்” என்றார் வாத்தியார்.

மெக்கானிக் விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டு, ஒவ்வொரு வயர் இணைப்பையும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“மீட்டர் வச்சுப் பார்க்கலையா?”

“எதுக்கு சார்? இணைப்பு லூசா இருந்தா சுடும். சுட்டா என் கை சொல்லிடும். ஒண்ணுகூட சுடல. தைரியமா கிளம்புங்க.”

வாத்தியார் செல்போனை அணைத்துப் பையில் போட்டார். “ஓட்டும்போது இது ஆகாது.” பின்சீட்டுப் பிள்ளைகள் கையசைத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் டீ டம்ளரை நீட்டிய மனைவி, மெக்கானிக்கின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“ரெண்டு விரல்லயும் கொப்புளம். எங்க சுட்டுக்கிட்டீங்க?”

“எங்கயும் இல்லையே. வலிக்கக்கூட இல்ல.”

“எப்படி வலிக்கும்? சர்க்கரையால விரல்ல உணர்ச்சியே போச்சுன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே. இன்னைக்கு எதைத் தொட்டீங்க?”

அவர் செல்போனை எடுத்து வாத்தியாரின் எண்ணை மூன்று முறை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வாத்தியார் இந்நேரம் ஹெட்லைட்டைப் போட்டிருப்பார்.